ஒரு ஜெசிந்தாவுக்கு நாலு புள்ளி

நான் முன்பு வேலை பார்த்த வங்கி சென்ற மாதம், புதிதாகச் சேர்ந்த கடன் அலுவலர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தது. கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளருக்கு முற்பகல் முழுவதையும் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற எனக்குத் தேநீருக்கு முன்னால் பத்து நிமிடம். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: ‘ஒரே ஆளுக்கு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு கடன் புள்ளி வருவது ஏன்?’ நான் எழுந்து, குருநகர் ஜெசிந்தா என்று ஒரு பெயரைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, தேநீரோடு சாப்பிடும் பற்றிஸ் தட்டு உள்ளே வந்தது. அதற்குப் பிறகு என்னைக் கவனித்துக் கேட்டது மின்விசிறி மட்டும்தான். தலையையும் அதுதான் ஆட்டியது. மிச்சக் கதையை வீணாக்க மனமில்லாமல் இங்கே எழுதுகிறேன். வாசிப்பவர்கள் பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டும் வாசிக்கலாம்.

முதலில் தெரியாதவர்களுக்கு. நீங்கள் கடன் கேட்டால், திருப்பிக் கட்டுவீர்களா என்று கொடுக்கிறவர் யோசிப்பார். அந்த யோசனையை ஓர் இலக்கமாக்கினால் அதுதான் கடன் புள்ளி. யோசனை என்று சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள். இலக்கம் என்றால் எழுந்து நிற்பார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படிவங்களைப் பிரதிகளோடு நிரப்பவும், ‘நாளைக்கு வாங்கோ’ என்பதை முகம் மாறாமல் சொல்லவும் பழகினேன். அந்த நாட்களில் புள்ளி கிடையாது. விசாரணைதான். மருதனார்மடத்தில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தார். நான் சந்தைக்குப் போய் அவரைப் பற்றி விசாரித்தேன். அவருக்கு உரம் விற்கும் பசளைக் கடைக்காரர், “தங்கமான மனிசன், கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ” என்றார். தோட்டக்காரர் பசளைக் கடைக்குக் கடன்பட்டிருந்தார் என்பதும், நாங்கள் கொடுத்தால்தான் கடைக்காரருக்குக் கிடைக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் குரலைத் தாழ்த்தி, “உவருக்கோ? பாத்துக் குடுங்கோ பிள்ளை” என்றார். இருவருக்கும் ஒரு கிணற்றுத் தண்ணீரில் வழக்கு. கோயில் சபைக்காரர், “திருவிழாவுக்கு ஒழுங்காத் தாறவர்” என்றார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததையும் தமக்கு வேண்டியதையும் கலந்து சொன்னார்கள். பிறகு கணினி வந்தது. அதே மூன்று வாயும் இலக்கத்தில் பேசத் தொடங்கின. முன்னேற்றம் என்பது அதுதான்.

எங்கள் வங்கியின் புள்ளி முறையைத் தலைமை அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் இருந்து தயாரித்தார்கள். ‘இதே விலாசத்தில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்?’ என்று ஒரு கேள்வி. இருந்த இடத்திலேயே இருப்பவருக்குக் கூடிய புள்ளி. யாழ்ப்பாணத்து ஆட்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். படிவத்தில் ஒரு வரிதான் இருந்தது. பரம்பரைக் காணிக்குத் திரும்பி வந்து, பற்றையை வெட்டி, வீட்டைத் திருத்திக் குடியிருந்தவருக்கெல்லாம் ‘நிலையற்ற வதிவு’ என்று புள்ளி குறைந்தது. இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினேன். ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. கவனத்தில்தான் எடுத்தார்கள். வேறெங்கும் எடுக்கவில்லை.

என் கடைசிக் காலத்து முகாமையாளர் கணேசலிங்கத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மேசை விளிம்பும் கோப்பின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கோப்பைத் திறப்பார். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்குத்தான் வாசிப்பார்; முன்பக்கத்தில் எல்லோரும் நல்லதைத்தான் எழுதுவார்களாம். யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர். “பாப்பம்” என்பார். அந்த ஒரு சொல்லில் மூன்று வகை இருந்தது. சிரித்துக்கொண்டு சொன்னால் கிடையாது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னால் கிடையவே கிடையாது. சன்னலைப் பார்த்துச் சொன்னால், தான் மாற்றலாகிப் போன பிறகு வரச் சொல்கிறார் என்று பொருள்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. வீட்டைக் கையிலிருந்த காசுக்கு ஏற்றபடி அறை அறையாகக் கட்டினார். மோட்டார் சைக்கிளையும் முழுக்காசு கொடுத்தே எடுத்தார். இந்தச் சரித்திரத்தைக் கடன் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். வந்தவர்கள் ஏதோ தொற்று நோய்க்கு மருந்து வாங்க வந்தவர்களைப்போல் தலையைக் குனிந்து கேட்பார்கள். கடன் கொடுப்பதைத் தொழிலாக உடைய நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகாமையாளர் எங்கே கிடைப்பார்!

புள்ளி குறைந்தவருக்கும் தக்க காரணம் காட்டிக் கடன் கொடுக்கக் கிளை முகாமையாளருக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தைக் கணேசலிங்கம் விலைச்சீட்டைக்கூடக் கழற்றாத சட்டையைப்போல மடித்து வைத்திருந்தார்.

இந்தக் கிளைக்குத்தான் ஜெசிந்தா வந்தா. நாற்பது வயதளவில், உரத்த குரல், எதையும் நேராகக் கேட்கிற கண். கணவர் மரியதாஸ் கடற்றொழிலாளி. ஜெசிந்தா குருநகர்த் துறையில் வள்ளங்களிலிருந்து நண்டு வாங்கி முகவரின் லொறிக்குக் கொடுப்பா. நண்டு காத்திருக்காது. வெயில் ஏறுமுன் விற்க வேண்டும். அது முகவருக்கும் தெரியும். அதனால் வெயில் ஏற ஏற அவருடைய விலை இறங்கும். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, நண்டைக் கெடாமல் வைத்துத் தந்தால் நேரடியாக வாங்குவதாக ஜெசிந்தாவுக்குச் சொல்லியிருந்தது. நண்டுக் காலம் தொடங்குமுன் துறைக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு குளிர் அறை போட வேண்டும். இந்த முறை தவறினால் நிறுவனம் வேறு ஆளைப் பார்க்கும். முகவரின் லொறிதான் மறுபடியும் கதி.

விண்ணப்பத்தோடு தேசிய அடையாள அட்டைப் பிரதிகள் இரண்டு இணைத்திருந்தா. ஒன்று பழையது, ஒன்று புதியது. எங்கள் எழுதுவினைஞர் முதலில் கையில் பட்ட பழைய இலக்கத்தைப் போட்டு விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றி, கொழும்பு அறிக்கையையும் எடுத்தார். கொழும்பு அறிக்கை என்று நாங்கள் சொல்வது, வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் கடன் விவரங்களையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தருகிற அறிக்கை.

அதைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

“ஜெசிந்தா, எங்கடை வங்கியின்ரை முறையிலை உங்களுக்கு எண்பத்தொண்டு புள்ளி. கொழும்பு அறிக்கையிலை முந்நூற்றிச் சொச்சம்.”

முகம் மலர்ந்தது. “அப்ப கொழும்பிலைதான் எனக்குக் கூட, என்ன மிஸ்?”

எங்களுடையது நூறுக்கு. அவர்களுடையது தொள்ளாயிரத்துக்கு. அங்கே முந்நூறு என்பது வகுப்பின் கடைசி வாங்கு. முழத்தையும் இறாத்தலையும் ஒப்பிடுவது மாதிரித்தான். இலக்கம் கூட என்பதற்காகச் சந்தோஷப்பட ஏலாது என்று விளங்கப்படுத்தினேன். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

“நான் என்ன குற்றம் செய்தனான்? உங்கடை வங்கியிலை நகை வைச்சு எடுத்த கடன் ஒழுங்காக் கட்டினனான்தானே?”

“அது எங்களுக்குத் தெரியும். நீங்கள் முந்தி ஆருக்கோ லீசிங் கம்பனியிலை பிணை நிண்டிருக்கிறியள். அந்த ஆள் கட்டேல்லை.”

“பிணையோ?” பழைய அட்டைப் பிரதியை எடுத்துப் பார்த்தா. “அண்ணையின்ரை ஓட்டோ! கலியாணத்துக்கு முந்தி. சும்மா ஒரு கையெழுத்துத்தான் எண்டு சொன்னவன் மிஸ்.”

சும்மா ஒரு கையெழுத்து! எங்கள் தொழில் முழுவதும் அந்தச் சும்மாவின் மேல்தான் நிற்கிறது. அண்ணன் அல்பிரட் லீசிங்கில், அதாவது தவணைக் கடனில், எடுத்த ஓட்டோவைப் பாதிக் கடனில் விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போயிருந்தார். கம்பனி ஓட்டோவைத் தூக்கி விற்றது. விற்ற காசு கடனுக்குக் காணவில்லை. மிச்சத்துக்கு அனுப்பிய கடிதங்கள் ஜெசிந்தாவின் பழைய விலாசத்துக்குப் போயின. அங்கே இப்போது ஒரு சலூன் இருக்கிறது.

“அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நத்தாருக்கு நத்தார் காட் அனுப்புவான் மிஸ். நல்ல வடிவான காட்.”

எனக்கு ஒரு சந்தேகம் வந்து, புதிய அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு இன்னோர் அறிக்கை எடுத்தேன். அதே கொழும்பு. அதே ஜெசிந்தா. இம்முறை அறுநூற்றுக்கு மேல்! பழைய அட்டையில் அவ தகப்பன் பெயரோடு அந்தோனிப்பிள்ளை ஜெசிந்தா. புதிய அட்டையில் கணவர் பெயரோடு மரியதாஸ் ஜெசிந்தா. ஆங்கிலத்தில் எழுதும்போது ஜெசிந்தாவிலும் ஓர் எழுத்து வித்தியாசம். ஆகவே இரண்டு பெண்கள். ஒருத்தி கடன்காரி. மற்றவள் ஒரே ஒரு சின்ன லீசிங்கை ஒழுங்காகக் கட்டிமுடித்த நல்ல பிள்ளை. எங்கள் வங்கிக்கோ வாடிக்கையாளராக வந்த நாளிலிருந்து நல்ல பிள்ளையை மட்டும்தான் தெரியும். குற்றம் அறிக்கையில் இல்லை. நாங்கள், அதாவது வங்கிகளும் கம்பனிகளும், அரிசியோடு கல்லையும் சேர்த்து அனுப்பினால் சோற்றில் கல்தான் கடிபடும்.

கண்டுபிடித்த பிறகு கடன்காரியை மறைக்க ஏலாது; இரண்டு பெண்களையும் ஒருத்தியாக்க வேண்டுமானால் லீசிங் கம்பனி தன் விவரத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும். “நீங்களும் வாங்கோ மிஸ். நான் தனியப் போனா அவை சொல்லுறது அவைக்கு மட்டும்தான் விளங்கும்” என்றா ஜெசிந்தா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடவே போனேன்.

கம்பனிக் கந்தோர் கண்ணாடி மாளிகை. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு மேசைகள். ஒன்று அறவீட்டுப் பிரிவு. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி. மற்றது வாடிக்கையாளர் பிரிவு. சிரித்த முகத்தோடு ஒரு பிள்ளை. நடுவில் காத்திருப்போர் உட்கார ஒரு நீட்டு வாங்கு. ஜெசிந்தா தம்பியிடம் பழைய அட்டையைக் கொடுத்தா. அவர் கணினியில் தட்டிவிட்டு நீதவானைப்போல நிமிர்ந்தார்.

“அக்கா, நீங்கள் எங்கடை கறுப்புப் பட்டியலிலை இருக்கிறியள்.”

ஜெசிந்தா தன் கைத்தொலைபேசியை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினா. அதே கம்பனி அதற்கு முந்திய கிழமை அனுப்பிய குறுஞ்செய்தி: ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்களுக்காக விசேட கடன் தயாராக உள்ளது.’

“அது மற்றப் பிரிவு அக்கா. அவையைத்தான் கேக்கோணும்.”

ஜெசிந்தா திரும்பி எதிர் மேசைப் பிள்ளையிடம் புதிய அட்டையைக் கொடுத்தா. பிள்ளை தட்டிப் பார்த்ததும் எழுந்தே விட்டா. “அக்கா! நீங்கள் எங்கடை கோல்ட் கஸ்டமர். ஸ்கூட்டி லீசிங்கை ஒரு மாசமும் பிந்தாமல் கட்டினனீங்கள். உங்களுக்குச் சுவர் மணிக்கூடு ஒண்டு இருக்குது, எடுத்துக்கொண்டு வாறன்.”

இது நாலாவது புள்ளி. இலக்கத்தில் இல்லை, தங்கத்தில். கம்பனிகள் போடுகிற புள்ளிக்குக் கேள்வியே வேறு. ‘இவர் கட்டுவாரா?’ என்பதோடு ‘இவருக்கு இன்னும் எவ்வளவு கொடுத்து எவ்வளவு உழைக்கலாம்?’ என்றும் கேட்கும். கடன் விற்க ஆசை கூடக் கூட, விற்கிறவர் கொடுக்கிற புள்ளியும் கூடும். பசளைக் கடைக்காரருக்குக் கண்ணாடிக் கதவு போட்டால் இப்படித்தான் இருக்கும்.

பிள்ளை மணிக்கூட்டுப் பெட்டியோடு வந்தபோது ஜெசிந்தா இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றா.

“தம்பி, தங்கச்சி, ரெண்டு பேரும் ஒருக்கா உங்களுக்குள்ளை கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. நான் மணிக்கூட்டோடை வீட்டை போறதோ, விலங்கோடை பொலிசுக்குப் போறதோ?”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பிக்குக் காது சிவந்துவிட்டது. “ரெண்டு சிஸ்டம் அக்கா. ஒண்டையொண்டு பாக்காது” என்றார். ஒரே கூரைக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

ஜெசிந்தா அதற்கு மேல் வாதாடவில்லை. வாங்கில் இருந்து, பிரான்சுக்கு வீடியோ அழைப்பு எடுத்தா. அல்பிரட் ஓர் உணவகத்தின் சமையலறையில் ஏப்ரனோடு நின்றார். பின்னால் வெங்காயம் குவிந்திருந்தது.

“தங்கச்சி, இப்ப வேலை. பிறகு எடு.”

“நீ வேலையை முடி அண்ணை. நான் இருக்கிறன். இஞ்சை நல்ல வாங்கு இருக்குது.” தொலைபேசியை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை திருப்பிக் காட்டினா. “எல்லாரும் உன்னைத்தான் பாக்கினம். உன்ரை ஓட்டோக் கம்பனி. நீ போய்ட்டாய், நான் கறுப்புப் பட்டியலிலை நிக்கிறன்.”

“அந்த ஓட்டோவைத்தானே அவை தூக்கிக்கொண்டு போய்ட்டினம்? பிறகென்ன?”

தம்பி குனிந்து திரைக்குள் தலையை நீட்டினார். “வித்த காசு காணேல்லை அண்ணை. மிச்சம் இருக்குது.”

அல்பிரட் அடுப்புப் பக்கம் பார்த்தார். வாங்கின் அந்தலையில் இருந்த, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு ஆச்சி எட்டிப் பார்த்தா. “தம்பி, கட்டிவிடு ராசா. பெட்டை பாவம்.”

அந்தக் குரலுக்குத்தான் அவர் கலங்கினார் என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெங்காயம்” என்றார். அந்தக் கிழமைக்குள் காசு வந்தது. அந்த வருடம் கிறிஸ்மஸ் வந்தது, நத்தார் காட் வரவில்லை. கடன் தீர்ந்த பிறகு காட் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

கம்பனி, கடன் தீர்ந்ததென்று கடிதம் தந்தது. பழைய ஜெசிந்தாவும் புதிய ஜெசிந்தாவும் ஒருத்தி என்று கொழும்புக்கும் அறிவித்தது. மணிக்கூட்டையும் கொடுத்தது. அதற்குப் பிறகு நாட்கள் போயின. ஒவ்வொரு நிறுவனமும் தன் விவரத்தைத் தனக்கு வசதியான நாளில்தான் அனுப்பும். ஓரிடத்தில் நேற்றைய ஆள், மற்றதில் போன மாதத்து ஆள். புள்ளி வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம். நண்டுக்கு இது தெரியாது. காலம் நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் புதிய அறிக்கை வந்தது. கொழும்புப் புள்ளி முந்நூற்றிலிருந்து ஏறியிருந்தது. முழுதாக அல்ல, தீர்த்த நிலுவையும் நிலுவையாக இருந்ததுதானே என்று அறிக்கை சில காலம் ஞாபகம் வைத்திருக்கும். எங்கள் புள்ளியோ இறங்கிவிட்டது. இதுவரை எங்களுக்குத் தெரியாமலிருந்த அண்ணன் கதை இப்போது எங்கள் கணினிக்கும் தெரிந்துவிட்டது. இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று சந்தித்தன. சந்தித்த இடம், கடன் கொடுக்கலாம் என்ற எல்லைக்கு மயிரிழை கீழே.

ஜெசிந்தாவுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன்.

“அப்ப உள்ளதை உள்ளபடி சொல்லி, எல்லாத்தையும் தீர்த்ததாலைதான் குறைஞ்சதோ மிஸ்?”

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. வங்கி மேசைக்குப் பின்னால் இருந்து சொல்லக்கூடிய பதில் இல்லை. ஜெசிந்தா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனா. அவ்வளவு உரத்த குரல்காரி அன்று போய்ட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் பொல்லாதது. அதை எடுத்துக்கொண்டு முகாமையாளர் அறைக்குப் போனேன்.

கணேசலிங்கம் கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார். சிரித்தார். “பாப்பம்” என்றார். அதாவது கிடையாது.

“சேர், உங்களுக்கு அதிகாரம் இருக்குது.”

“இருக்குது மிஸ். ஆனா புள்ளி இல்லாத ஆளுக்கு எப்பிடிக் குடுக்கிறது? அப்ப புள்ளி எதுக்கு? நான் ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கடன் வாங்கினதில்லை...”

வீடு அறை அறையாக எழும்பத் தொடங்கியது. இரண்டாவது அறையில் நான் மறித்தேன். “உங்கடை அறிக்கையை ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன் சேர். அவரவர் தன்ரையைக் கேட்டு எடுக்கலாம்தானே.”

தான் வகுப்பில் முதலாம் பிள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதுபோல அவர் விண்ணப்பித்தார். அறிக்கை வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். கோப்பு மேசைக் கோட்டிலிருந்து விலகிக் கிடந்தது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இலக்கமே இல்லை. மதிப்பிடப் போதிய விவரம் இல்லை என்று ஒரு வரி மட்டும்.

“இதென்ன மிஸ்? நான் ஆரெண்டு தெரியாதாமோ?”

“கடன் வாங்கிக் கட்டினாத்தானே சேர் கொழும்புக்கு ஆரும் உங்களைப் பற்றிச் சொல்லுவினம். நீங்கள்தான் ஒருத்தரிட்டையும் வாங்கேல்லையே.”

“எங்கடை முறையிலை போட்டுப் பாருங்கோ.”

போட்டுப் பார்த்தேன். முன்னைய கடனைத் தீர்த்த அனுபவத்துக்கு உரிய புள்ளிகள் அவருக்குப் பூச்சியம். கரவெட்டி வீட்டை விட்டுப் பல தடவை ஓடித் திரும்பியதால் விலாசத்திலும் அடி. மொத்தத்தில் ஜெசிந்தாவுக்குக் கீழே நின்றார். நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேலதிகாரிக்கு அந்தளவு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். புள்ளி கூடவில்லை. உண்மையாகவே காயப்பட்டுப் போயிருந்தார். எனக்கும் இரக்கமாக இருந்தது. பிளேன்ரீ குடித்து முடிக்கும்வரை இரக்கப்பட்டேன்.

பிறகு அவர் சொன்னார்: “நாளைக்குக் காலமை குருநகருக்குப் போய், உந்த மனிசியின்ரை இடத்தைப் பாப்பம்.”

அந்தச் சொல்லை அவர் இடமும் நேரமும் வைத்துச் சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

மினுக்கிய சப்பாத்தோடு துறையில் வந்து நின்றார். வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. ஜெசிந்தா எங்களைக் கண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தா. நண்டைத் தரம் பிரித்து நிறுத்து எடுத்தா. ஒரு கடற்றொழிலாளி தன் கூடையை இறக்கிவிட்டுக் காசு வாங்காமலே நடந்தார். கணேசலிங்கம் அவருக்குப் பின்னால் போனார்.

“காசு வாங்கேல்லையே?”

“பின்னேரம் தருவா.”

“தராட்டி?”

அவர் நின்று, சப்பாத்திலிருந்து தொடங்கி முகாமையாளரை மேலே பார்த்தார். “ஏன் தராமல் விடுவா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் படிவத்தில் இதை எழுத இடம் இல்லை.

முகவரின் லொறி வந்தது. ஓட்டுநர் ஒரு விலை சொன்னார். ஜெசிந்தா மறுத்தா. அவர் தகராறு செய்யவில்லை. லொறியின் நிழலில் இருந்து பத்திரிகை வாசித்தார். வெயில் துறைக்குள் வந்தபோது பத்திரிகையை மடித்து, முதலில் சொன்னதிலும் குறைந்த விலை சொன்னார். ஜெசிந்தா பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தா. கணேசலிங்கம் இதையெல்லாம் கோப்பு வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டு நின்றார். பிறகு குளிர் அறை போடவிருந்த கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்து, வங்கிக்காரன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார்.

“கரண்ட் நிண்டா?”

“பழைய ஐஸ்பெட்டியள் இருக்குது சேர், ஒரு நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேலை நிண்டா ஜெனரேட்டர் வாடகைக்குத் தர ஆளிட்டைக் கதைச்சு வைச்சிருக்கிறன்.”

“நிறுவனம் வாங்காமல் விட்டா?”

“லொறிக்காரனுக்குத்தான் குடுக்கிறது. ஆனா அப்ப நான் நிழலிலை இருப்பன், அவர் வெயிலிலை நிப்பர்.”

கந்தோருக்குத் திரும்பியதும் கணேசலிங்கம் அதிகாரத்தை எடுத்து உடுத்தார். புள்ளி குறைந்தும் அனுமதிப்பதற்கான காரணம் என்ற பெட்டியில் ஒரே ஒரு வசனம் எழுதினார்: ‘நேரில் போய்ப் பார்த்தேன்.’ பிராந்திய அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியது. அதே வசனத்தை மறுபடி எழுதி, பார்த்த திகதியையும் சேர்த்து அனுப்பினார். அவர்கள் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நண்டுக் காலத்துக்கு முன் குளிர் அறை தயாரானது. திறப்பு நாளில் பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மரியதாஸ் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஏற்றுமதி நிறுவனத்தின் ஆளும் வந்திருந்தார். எங்களுக்குக் கேக்கும் சோடாவும் தந்தார்கள். ஜெசிந்தா கதவைத் திறந்து, உள்ளே அடுக்கியிருந்த முதல்நாள் நண்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவவின் கைத்தொலைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தா. நெற்றி சுருங்கியது. பிறகு எல்லோருக்கும் கேட்க வாசித்தா.

“‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, போதிய புள்ளி இன்மையால் உங்கள் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்.’”

அனுப்பியது எங்கள் வங்கி. பழைய இலக்கத்தோடு முதலில் ஏற்றிய விண்ணப்பம் தலைமை அலுவலகத்துக் கணினி ஒன்றில் இவ்வளவு நாளும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தீர்ப்புப் பெற்றிருந்தது. முகாமையாளர் கையெழுத்து வைத்தது அதற்குத் தெரியாது. நிறுவனத்தின் ஆள் சோடாவைக் கீழே வைத்தார்.

ஜெசிந்தா தொலைபேசியைக் கணேசலிங்கத்திடம் நீட்டினா. “சேர், அப்ப நான் உந்த அறையைத் திருப்பித் தரோணுமோ?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தார். தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“கதவைச் சாத்துங்கோ பிள்ளை” என்றார். “குளிர் வெளியிலை போகுது.”